காது குத்துமுன் காதைச் சோதிப்போம்

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்குக் காது குத்துவதென்றால் அது சிறிய காரியமன்று. நல்ல நாள் பார்க்கிறோம். உற்றார் உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறோம். தாய்மாமன் சீர்த்தட்டுடன் வருகிறார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை அவர் மடியில் இருத்தி, ஆசாரி ஊசியை எடுக்கும்பொழுது, கூடியிருப்போர் அனைவருடைய கண்களும் அந்தச் சின்னஞ்சிறு காதின்மேல் பதிகின்றன. கடன் வாங்கியேனும் இவ்விழாவை நடத்தாத வீடு நம் பகுதியில் அரிது. ஆயினும், அந்தக் காது கேட்கின்றதா என்று அன்றைய தினம் எவரேனும் வினவுவதுண்டா?

காதின் புறத்தே கம்மலிட அவ்வளவு செலவு செய்யும் நாம், அதன் அகத்தைச் சோதித்தறிய அரை நாளை ஒதுக்குவதில்லை. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பியும் பேச்சு வரவில்லையென்றால், பாட்டி வசம்பை உரைத்து நாவில் தடவுகிறாள், தேனும் தடவுகிறாள், கோயிலுக்கு வேண்டிக்கொள்கிறாள். அன்பினால் செய்யும் இச்செயல்களைப் பழிப்பது நம் கருத்தன்று. ஆனால் குறை நாவில் இருப்பதாகவே எண்ணி நாவுக்கு வைத்தியம் செய்துகொண்டிருக்கும்பொழுது, குறை காதில் இருந்து வளர்கிறது. ஊமையென்று நாம் பெயரிட்டு அழைக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நாவிலோ குரல்வளையிலோ யாதொரு பழுதும் இல்லை. அவர்கள் மொழியைக் கேட்கவில்லை, ஆதலின் பேசவில்லை.

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. செவிக்குறை சில வேளைகளில் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதைக் காலந்தாழ்த்திக் கண்டறிவதோ முற்றும் தவிர்க்கக் கூடியது. அந்தத் தாமதத்தை நீக்கும் கடமை பெற்றோரோடு நின்றுவிடுவதில்லை; நம் சங்கங்களுக்கும் அதில் பங்குண்டு.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய குடியிருப்பொன்றில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் செய்தியை இங்கே சொல்வது தகும். பெயர் வேண்டுவதில்லை, அத்தகைய குடும்பங்கள் பல உண்டு. கணவனும் மனைவியும் விடியுமுன்னரே அளத்துக்குச் சென்று, பாத்திகளில் உப்பு வாரி, வெயில் ஏறியபின் வீடு திரும்புவர். சிறுவன் பாட்டியிடம் வளர்ந்தான். அவன் அழைத்தால் வருவதில்லை. ஆனால் உப்பு ஏற்ற லாரி வந்தால் வாசலுக்கு ஓடுவான். ஆகவே காது நன்றாகக் கேட்கிறதென்று வீட்டார் முடிவு செய்தனர். தகப்பனும் நான்கு வயதில்தான் பேசினான் என்று பாட்டி ஆறுதல் கூறினாள். அங்கன்வாடியில் பணிபுரியும் அம்மையார் ஒரு நாள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பலமுறை பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. அதன் பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். இரு காதுகளிலும் கடுமையான செவிக்குறை என்று சோதனை காட்டியது. அப்பொழுது அவனுக்கு நான்கு வயது கடந்திருந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று மருத்துவர் கேட்டபோது, தகப்பன் சொன்ன விடை இது: "லாரி வந்தால் ஓடி வருவானே, ஐயா!"

லாரியின் ஓசையை அச்சிறுவன் காதால் கேட்கவில்லை. பூமியின் அதிர்வைக் காலால் அறிந்தான். இப்பொழுது கருவி அணிந்து பள்ளி செல்கிறான். அறிவுக்குக் குறைவில்லை. ஆயினும் அவன் வயதுச் சிறுவர் கதை சொல்லி விளையாடும் நேரத்தில், அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவன் இழந்த நான்கு ஆண்டுகளை எந்தக் கருவியும் முழுமையாக மீட்டுத் தராது.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் யாது? ஒலி செவிப்பறையில் மோதுகிறது. அதன் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை நத்தையோடு போன்ற உட்செவிக்குள் செலுத்துகின்றன. அங்கே ஆயிரக்கணக்கான நுண்ணிய மயிரணுக்கள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி, நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. கேட்பது உண்மையில் மூளைதான். பிறந்தது முதல் முதல் மூன்றாண்டுகளில் மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மிக வலிது. அக்காலத்தில் ஒலி வந்து சேராவிடில், அதற்கென்று ஒதுங்கியிருந்த மூளைப்பகுதி பிற வேலைகளுக்குச் சென்றுவிடுகிறது. பருவம் தவறி விதைத்த நிலத்தின் நிலையை நம் விவசாயிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே அறிவியல் உலகம் ஒரு தவணைக் கணக்கை வகுத்துள்ளது. பிறந்த 1 மாதத்துக்குள் முதற் சோதனை. அதில் ஐயம் எழுந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்யும் சோதனை. குறையிருப்பின் 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். இத்தனை சிறிய சிசுவை எவ்வாறு சோதிப்பர் என்று ஐயுறுவோர் உளர். ஆரோக்கியமான உட்செவி ஒலியைக் கேட்பதோடு, மிக மெல்லிய ஒலியைத் திருப்பியும் விடுகிறது என்பதை 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டதே ஓ.ஏ.ஈ. சோதனை. உறங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழொன்றை வைத்தால், சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியில்லை, ஊசியில்லை. அதில் தேறாத குழந்தைக்குப் பெரா சோதனை செய்வர். தலையில் ஒட்டும் சிறு தகடுகள், ஒலிக்கு மூளைத்தண்டு விடையளிக்கிறதா என்று காட்டும். வளர்ந்தவர்களுக்கோ, வெவ்வேறு ஒலிகளை எந்த அளவில் கேட்கிறார்கள் என்று குறித்து ஆடியோகிராம் என்னும் வரைபடம் எழுதித் தருவர்.

முதற் சோதனையில் தேறாவிட்டால் உடனே அஞ்சவேண்டியதில்லை. காதில் தங்கிய நீரோ அழுக்கோகூடக் காரணமாகலாம். அஞ்ச வேண்டியது மறு சோதனைக்குப் போகாமல் விடுவதற்கே. முதற் சோதனையில் தேறிய குழந்தையையும் கவனித்து வரவேண்டும். சில குறைகள் பின்னர் தோன்றுவன. 6 மாதத்தில் குரல் வந்த திசை நோக்கித் திரும்பாத குழந்தை, ஒரு வயதில் பெயருக்கு விடை காட்டாத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தை ஆகியோரை அன்றே சோதனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

குழந்தைகளின் செவிக்குறையில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவதென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அக்காரணங்களுள் நம்மைத் தொடுவன சிலவற்றைக் காண்போம்.

அம்மை வகையைச் சேர்ந்த ருபெல்லா, கருவுற்ற தாயைத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் செவியைக் கெடுக்கும். இதைத் தடுக்கும் ஊசியைத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2017 பிப்ரவரியில் பெருந்திட்டமாகத் தொடங்கினர். அப்பொழுது வீண் வதந்திகளை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்த பெற்றோரும் உண்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சட்காமாலை கடுமையாதல், குறைமாதப் பிறப்பு, மூளைக்காய்ச்சல், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற சில ஊசி மருந்துகள் ஆகியவையும் செவியைத் தாக்கக்கூடும். இத்தகைய நிலைக்கு உள்ளான குழந்தைகளைத் தவறாது சோதிக்க வேண்டும்.

சொந்தத்தில் மணம் முடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவினரை மணந்தவர்கள். சொந்தம் விட்டுப் போகலாகாது என்பதும் சொத்துச் சிதறலாகாது என்பதும் நம்மவர் கருத்து. ஆனால் குடும்பத்தில் மறைந்து வரும் பிறவிச் செவிக்குறை, தாய் தந்தை இருவர் வழியிலும் ஒருங்கே வந்து சேர இவ்வழக்கம் இடந்தருகிறது. குடும்பத்தில் முன்னமே செவிக்குறையுடையோர் இருப்பின், மணம் பேசுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். மணம் முடிந்துவிட்டதெனில் பழி பேசிப் பயனில்லை. பிறக்கும் குழந்தையை முதல் மாதத்திலேயே சோதித்துவிட்டால் போதும்.

இனி உப்பு. கருவுற்ற தாயின் உணவில் அயோடின் மிகவும் குறைந்தால், பிறக்கும் குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக் குறைவோடு காது கேளாமையும் நேரலாம். இமயமலைப் பகுதியின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய துணைவர்களும் 1950களில் தொடங்கி நடத்திய ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று நிறுவியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றியது. உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் கலந்திருக்க வேண்டும் என்பது 2006 முதல் நாடெங்கும் சட்டம். ஊர்ப்பிள்ளைகளின் செவிக்கும் அறிவுக்கும் காவலாகும் பொருளை விளைவிப்பது நம் கரை. ஆனால் அளத்திலிருந்து ஒரு கை உப்பை அள்ளிவந்து அப்படியே உலையிலிடும் வீடுகள் நம்மிடையே உண்டு. கடல் உப்பில் இயல்பாக உள்ள அயோடின் மிகச் சொற்பமே. உப்பு விளைவிப்போர் வீட்டிலேயே அயோடின் உப்பு இல்லையெனில், அது வெட்கத்துக்குரிய செய்தியன்றோ?

பிள்ளைகளின் காதில் சீழ் வடிதலை நம்மவர் ஒரு நோயாகவே கருதுவதில்லை. வளர்ந்தால் தானே நின்றுவிடும் என்பர். சுடவைத்த எண்ணெயையும் தழைச்சாற்றையும் ஊற்றுவர். இது பெருந்தவறு. சீழ் நாட்பட்டால் செவிப்பறையில் துளை விழும், சிற்றெலும்புகள் அரிக்கப்படும், ஒரு வகைச் சீழ் மூளைவரை சென்று உயிருக்கே தீங்கு செய்யும். தொடக்கத்தில் மருந்தாலேயே குணமாகும். துளை நிலைத்துவிட்டாலும், காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டி அதை மூடுகின்றனர். இச்சிகிச்சையை அரசு மருத்துவமனைகளிலேயே பெறலாம். கேட்கும் திறன் பெரும்பாலும் மீளக்கூடிய குறை இதுதான். இதனைக் கவனியாமல் விடுவது கையிலுள்ள காசைக் கடலில் எறிவது போலாகும்.

உட்செவியின் மயிரணுக்கள் கெட்டிருப்பின் மருந்தால் மீளாது. குறை நடுத்தரமாயின் காது கேட்கும் கருவி உதவும். கருவியாலும் பயனில்லாத அளவுக்குக் குறை கடுமையானால், காக்ளியர் கருவி என்னும் வழி உண்டு. 1957இல் பாரிசில் ஜூர்னோ, எய்ரியே என்னும் இருவர் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலியை உணரச் செய்தனர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கிரேயம் கிளார்க் 1978இல் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். அவருடைய தந்தை காது மந்தமான ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் பட்ட சிரமத்தைக் கண்டு வளர்ந்த மகனின் முயற்சி உலகுக்குப் பயன்பட்டது. தமிழ்நாட்டில் இச்சிகிச்சையைப் பரப்பிய முன்னோடிகளுள் சென்னை டாக்டர் மோகன் காமேஸ்வரன் குறிப்பிடத்தக்கவர்.

பல லட்ச ரூபாய் பெறும் இச்சிகிச்சையை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி அளித்து வருகின்றனர். உப்பளத் தொழிலாளியின் பிள்ளையும் நெசவாளியின் பிள்ளையும் செல்வர் பிள்ளை பெறும் கருவியைப் பெறலாம் என்பது நம் மாநிலத்துக்குப் பெருமை. ஆனால் அந்த 6 வயது என்னும் எல்லையைக் கவனியுங்கள். காலந்தாழ்த்தி வந்தவருக்குக் கதவு மூடியிருக்கும். எல்லைக்குள் வந்தாலும் ஒரு வயதில் வந்த குழந்தை பெறும் பயனை ஐந்து வயதில் வந்த குழந்தை பெறுவதில்லை.

சிகிச்சை முடிந்தவுடன் குழந்தை பேசிவிடும் என்று எண்ணுவதும் பிழை. கருவி ஒலியைத் தரும். அவ்வொலியை மொழியாக்குவது பயிற்சி. வாரந்தோறும் பயிற்சியாளரிடம் செல்லவேண்டும். வீட்டில் தாயும் தந்தையும் ஓயாது பேசவேண்டும். சென்னையில் 1969 முதல் நடைபெறும் பாலவித்யாலயா பள்ளி, இளங்குழந்தைகளைத் தாயாருடன் சேர்த்தே பயிற்றி வருவது இக்காரணம் பற்றியே. தினக்கூலியை விட்டு வாரந்தோறும் பேருந்தேறும் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். கருவியின் மின்கலம் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் குழந்தை மீண்டும் மௌனத்துக்குத் திரும்புகிறது. அரசு கொடுத்த பல லட்சம் பெறும் கருவி, சில நூறு ரூபாய் இல்லாமையால் பெட்டியில் உறங்கலாமா?

எந்தக் கருவியும் பயன்படாத பிள்ளைகளும் உண்டு. அவர்களை மொழியற்றவர்களாக விட்டுவிடுவது அநீதி. சைகை மொழி இலக்கணமுள்ள முழு மொழி. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி முதலாக, இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பள்ளிகள் நம் மாநிலத்தில் உண்டு. "செவிடு", "ஊமை" என்னும் சொற்களை அவர்களுடைய பெயருக்கு முன்னே ஒட்டி அழைக்கும் வழக்கத்தை நம் ஊர்களிலிருந்து ஒழிக்க எந்த நிதியும் தேவையில்லை.

இதுவரை குழந்தைகளைப் பற்றிக் கூறினோம். வளர்ந்தோரின் செவி, குறிப்பாக நெசவாளியின் செவி, வேறொரு வகையில் அழிகிறது. கைத்தறியின் ஓசை அவ்வளவு கொடியதன்று. விசைத்தறிக் கூடத்திலோ ஓசை பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். 100ஐ எட்டுவதும் உண்டு. டெசிபல் கணக்கு வட்டிக்கு வட்டி போன்றது: 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, 88இல் 4 மணி நேரமே எல்லை. 91இல் 2 மணி. 100இலோ கால் மணி நேரம். நம் விசைத்தறித் தொழிலாளி அங்கே நிற்பது எத்தனை மணி நேரம்? அளத்தில் உவர்நீர் இறைக்கும் ஆயில் என்ஜினுக்கு அருகிலும், கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கத்திலும் நாள் முழுதும் நிற்போர் நிலையும் ஏறத்தாழ அதுவே. காற்றில் சாய்ந்த நாற்று மறுநாள் நிமிர்ந்துவிடும். நாள்தோறும் மிதிபட்ட நாற்று நிமிராது. உட்செவியின் மயிரணுக்களும் அத்தகையனவே. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இது நமக்கு மட்டும் வந்த துன்பமன்று. வங்காளத்துச் சணலை நெய்த ஸ்காட்லாந்தின் டண்டி நகர ஆலைகளில் பல்லாண்டு தறியோட்டிய பெண்களின் செவியை டெய்லர் என்னும் பேராசிரியரும் துணைவர்களும் சோதித்து 1965இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். தறியருகே கழிந்த ஆண்டுகள் கூடக் கூடச் செவியின் இழப்பும் கூடியதை அது காட்டியது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நெசவாளிகள் வாயசைவைப் பார்த்தே உரையாடும் ஒரு தனிப் பழக்கத்தையே வளர்த்துக்கொண்டனர். கேட்க முடியாத இடத்தில் வேலை செய்கிறோம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஓசையால் வரும் குறை திருடனைப்போல் வருகிறது. வலி இல்லை. முதலில் கூர்மையான ஒலிகள் மறைகின்றன. குரல் கேட்கும், சொல் விளங்காது. பட்டு, கட்டு, தட்டு என்னும் மூன்று சொற்களும் ஒன்றுபோல் ஒலிக்கும். காதில் இரைச்சல் நிலைக்கும். வீட்டார் முணுமுணுக்கிறார்கள் என்று கோபம் வரும். வீட்டாரோ இவர் வேண்டுமென்றே கேளாதிருக்கிறார் என்பர். பின்னர் அவர் திண்ணையில் ஒதுங்கி அமர்ந்துவிடுவார். முதுமையில் அறிவுத் தேய்வுக்கு வழிவகுப்பவற்றுள் கவனியாது விட்ட செவிக்குறையும் ஒன்று என்று மருத்துவ அறிஞர்கள் இன்று சொல்கின்றனர்.

இதற்குச் செய்யத்தக்கவை கடினமானவையல்ல. சில ரூபாய் விலையுள்ள காதடைப்பானைத் தறிக்கூடத்தில் அணிதல் வேண்டும். சாதாரணப் பஞ்சு போதாது. ஆண்டுக்கொரு முறை செவியைச் சோதித்தல் வேண்டும். குறும்பி அடைத்ததனாலேயே கேளாமற்போனவர்கள் அதை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு அன்றே கேட்கத் தொடங்குவதும் உண்டு. நடுச்செவியின் அங்கவடி எலும்பு இறுகிப் போகும் நோய்க்கு அறுவைச் சிகிச்சை உண்டு. திடீரென ஒரு காது கேளாமற் போனால் அதை அவசரமாகக் கருதி அன்றே செல்லவேண்டும். சில நாட்கள் கடந்தால் மீட்பது அரிது. காது கேட்கும் கருவியைச் சோதனையின்றி வாங்கலாகாது. செவித்திறன் வல்லுநர் அவரவர் குறைக்கேற்பத் திருத்தித் தரவேண்டிய பொருள் அது. கண்ணாடி அணிவதற்கு நாணாத நாம் கருவி அணிவதற்கு ஏன் நாணவேண்டும்?

நூல் வாங்கிக் கொடுப்பதும், துணி விற்பதும், உரமும் மணிலா விதையும் கடனும் கொடுப்பதுமே சங்கத்தின் வேலை. காதைப் பார்ப்பது டாக்டரின் வேலை என்று சில அங்கத்தினர்கள் கூறக்கூடும். அவர்கள் கூற்றில் நியாயமே இல்லையென்று சொல்வதற்கில்லை; சங்கத்தின் பணம் அளவுக்குட்பட்டது. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் உயிர்நிலை. நம் மகாசபையில் கடைசி வரிசையில் அமர்ந்து, பிறர் கை தூக்குவதைப் பார்த்துத் தாமும் கை தூக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தீர்மானம் என்னவென்று அவர்கள் காதில் விழவில்லை. கையொப்பம் இருக்கிறது, சம்மதம் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கேளாதவரைக் குறைகூறப் பழமொழி வைத்திருக்கிறோம். கேட்கும்படி ஊதினோமா என்று சங்கு ஊதியவரைக் கேட்பாரில்லை.

கூட்டுறவின் மூதாதையரான ராக்டேல் முன்னோடிகளுள் பலர் நெசவாளிகளே. 1844இல் கடை திறந்த அவர்கள், 1853 முதல் ஆதாயத்தில் 100க்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். மாவும் வெண்ணெயும் விற்பதோடு சங்கத்தின் கடமை முடிந்ததென்று அவர்கள் எண்ணவில்லை. 1995இல் மான்செஸ்டரில் கூடிய உலகக் கூட்டுறவாளர்கள் சமுதாய அக்கறையைக் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாகவே ஏற்றனர். ஆகவே நாம் பின்வருவனவற்றை நிர்வாகக் குழுக்களின் முன் வைக்கிறோம்.

முதலாவது, அங்கத்தினர் வீட்டில் குழந்தை பிறந்தால் அதைக் குறிக்க ஒரு பதிவேடு. செவிச்சோதனை ஆயிற்றா என்று 1, 3, 6ஆம் மாதங்களில் கேட்டுக் குறித்தல் வேண்டும். கடன் தவணை தவறினால் மறுநாளே நோட்டீசு அனுப்பும் நமக்கு இது அரிதா? 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைச் சோதிக்கும் ஏற்பாடு உண்டு. பிறவிச் செவிக்குறையும் அதில் அடங்கும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரியில் ஜிப்மரும் உள்ளன. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் பணியாற்றி வருகிறது. வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதே சங்கம் செய்யவேண்டியது.

இரண்டாவது, மழைக்காலத்தில் ஒரு செவிச்சோதனை முகாம். ஐப்பசி கார்த்திகையில் அளத்தில் உப்பு வாரமுடியாது. தெருவில் பாவு ஓடமுடியாது. கூலியை இழக்காமல் வரக்கூடிய நாட்கள் அவையே. விசைத்தறியிலும் என்ஜினருகிலும் வேலை செய்வோரும் 50 வயது கடந்தோரும் ஆண்டுதோறும் வரவேண்டும்.

மூன்றாவது, சங்கக் கடையில் காதடைப்பானும் கருவிக்குரிய மின்கலமும் அடக்க விலைக்குக் கிடைக்கச் செய்தல். கருவி பழுதானால் திருத்தவும், பயிற்சிக்குச் செல்லும் தாயாரின் பேருந்துச் செலவுக்கும், துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து வட்டியில்லாச் சிறு கடன் வழங்கலாம்.

நான்காவது, மகாசபையில் தீர்மானங்களைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, நிறுத்திப் படித்தல். காது மந்தமானவர்களுக்கு முன்வரிசையில், பேசுவோர் முகம் தெரியும்படி இடமளித்தல். இதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டி.

இவற்றுள் எதுவும் பெரிய திட்டமன்று. வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் கூறிய கையோடு கேள்வி என்றோர் அதிகாரம் வகுத்தார். எழுத்தறியாத நம் முன்னோர் பாவு தோய்க்கவும் பாத்தி கட்டவும் பருவம் பார்க்கவும் கற்றது கேட்டறிந்த அறிவால்தான். அந்த வாயில் அடைபட்டுப் போகும் பிள்ளை, தன் ஊரின் நடுவிலேயே அயலாராக வளர்கிறது.

அடுத்த முறை நம் வீட்டில் காதுகுத்து நடக்கும்பொழுது, தாய்மாமன்மார் ஒன்று செய்யட்டும். கம்மலுக்குப் பொன் வாங்கப் புறப்படுமுன், "குழந்தைக்குக் காதைச் சோதித்தாயிற்றா? சீட்டு எங்கே?" என்று தங்கையிடம் கேட்கட்டும். இல்லையென்று விடை வந்தால், ஊசிக்கு நாள் பார்ப்பதைச் சற்றே ஒத்திவைத்து, தங்கையையும் மருமகப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு முதலில் மருத்துவமனைக்குப் போய் வரட்டும். தாய்மாமன் செய்யும் சீர்களுள் அதுவே முதற் சீராகும்.